சிந்தசைசரில் வாசித்தது சீக்வென்சரில் ஏறவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கம்ப்யூட்டர் இல்லாமல், ஒரு சிந்தசைசரையும் ஒரு தனி சீக்வென்சர் பெட்டியையும் (வாசித்ததைச் செய்தியாகப் பதிந்து திரும்ப ஓட்டும் கருவி) வைத்து வேலை செய்பவர்களுக்கானது இது. பெட்டி 1987-இல் வந்த அலெசிஸ் எம்எம்டி-8 ஆக இருக்கலாம், யமஹா கியூஒய்700 ஆக இருக்கலாம், பிற்கால அகாய் எம்பிசி அல்லது ஸ்குவார்ப் பிரமிட் ஆகவும் இருக்கலாம். மெனுவில் உள்ள பெயர்கள் மாறும். கோளாறுகள் அநேகமாக அதேதான். 1983-இல் வந்த மிடி 1.0 (இசைக்கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறும் முறை) இன்றும் அதே விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில்தான் 5-பின் கேபிளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் பாதிச் சிக்கல்கள் தாமாகவே புரிந்துவிடும். சிந்தசைசரை ஒரே கருவியாகப் பார்க்காதீர்கள். அதற்குள் இருப்பவை இரண்டு: விரல் படும் கீபோர்டு, ஒலியை உண்டாக்கும் பகுதி. மிடி அவுட் கீபோர்டுக்குச் சொந்தம். மிடி இன் ஒலிப்பகுதிக்குச் சொந்தம். இரண்டையும் பெட்டிக்குள்ளேயே இணைக்கும் பாதைக்கு லோக்கல் கண்ட்ரோல் என்று பெயர். கேபிளில் ஒலி எதுவும் போவதில்லை. எந்தக் கீ, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற செய்தி மட்டுமே போகிறது. ஆகவே "சத்தம் வருகிறது, பதிவாகவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதில் முரண்பாடே இல்லை. சத்தம் லோக்கல் வழியாக வருகிறது, பதிவு கேபிள் வழியாகப் போகவேண்டும்.

தேடலைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரு தெரிந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டே கேபிள்: சிந்தசைசரின் அவுட்டிலிருந்து சீக்வென்சரின் இன்னுக்கு ஒன்று, சீக்வென்சரின் அவுட்டிலிருந்து சிந்தசைசரின் இன்னுக்கு ஒன்று. த்ரூவில் (இன்னில் வருவதை அப்படியே வெளியே விடும் துளை) எதுவும் வேண்டாம், யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். சிந்தசைசர் அனுப்பும் சேனல் (ஒரே கேபிளில் போகும் செய்திகளைப் பிரிக்கும் எண்) 1. சீக்வென்சரில் புதிய காலிப் பாடல், முதல் டிராக், சேனல் 1, கிளாக் (தாளத் துடிப்பு) இன்டர்னல், குவான்டைஸ் (நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு இழுக்கும் வசதி) அணைப்பு, மிடி ஃபில்டர் (குறிப்பிட்ட செய்திகளைத் தடுக்கும் வசதி) எல்லாம் திறப்பு. இந்த நிலையில் ஒரே ஒரு கீயை அழுத்திப் பார்த்து, என்ன நடக்கிறதோ அதற்குரிய பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: கீ அழுத்தினால் சீக்வென்சர் கண்டுகொள்ளவே இல்லை

சீக்வென்சரில் மிடி வருகையைக் காட்டும் விளக்கோ, திரையில் ஒரு மூலையில் மின்னும் புள்ளியோ இருக்கும். அது அசையவில்லை என்றால் செய்தி வந்து சேரவில்லை. மெனுக்களைத் துழாவுவதற்கு முன் கம்பியைப் பாருங்கள்.

அவுட்டை அவுட்டோடும் இன்னை இன்னோடும் இணைப்பதுதான் இங்கே அதிகம் நடப்பது. "மிடி இன்" என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டிக்குள் செய்தி நுழையும் துளை என்று பொருள். அடுத்த பெட்டியின் அவுட் அங்கே வரவேண்டும். அடுத்து, அந்தச் சிந்தசைசருக்கு அவுட் இருக்கிறதா என்றே பாருங்கள். கோர்க் வோல்கா கீஸ் போன்ற சிறு கருவிகளில் மிடி இன் மட்டுமே உண்டு; அவற்றை வாசித்துப் பதிவு செய்ய முடியாது, அவற்றுக்கு அனுப்ப மட்டுமே முடியும். 5 துளை இருப்பதெல்லாம் மிடியும் அல்ல. ரோலண்ட் டிஆர்-808, டிபி-303 ஆகியவற்றின் பின்னால் இருப்பது தாளத் துடிப்பை மட்டும் கடத்தும் டின் சிங்க். மிடி கேபிள் அதில் அழகாகப் பொருந்தும், ஆனால் கீ செய்தி எதுவும் போகாது.

கேபிளைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். மிடி பயன்படுத்துவது மூன்றே பின்: 4, 5, நடுவிலுள்ள 2. ஒரு முனையின் 4 மறுமுனையின் 4-க்கு, 5 5-க்கு, 2 2-க்கு நேராகப் போகவேண்டும். பழைய ஆடியோ கருவிகளுக்கான 5-பின் கேபிள்கள் பார்ப்பதற்கு அச்சு அசலாக மிடி கேபிள் போலவே இருக்கும். ஆனால் சிலவற்றில் பின்கள் குறுக்காக மாற்றி இணைக்கப்பட்டிருக்கும். நீளம் 15 மீட்டரைத் தாண்டக்கூடாது.

கேபிள் நன்றாக இருந்தால், சிந்தசைசர் உண்மையிலேயே எதையாவது அனுப்புகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். தேவை ஒரு சாதாரண சிவப்பு எல்இடி. மிடி அவுட் துளையை நேராகப் பார்த்தால் நடுவில் இருப்பது பின் 2, அதன் இருபுறமும் 4, 5. வெளி ஓரங்களில் உள்ள 1, 3 இரண்டையும் விட்டுவிடுங்கள். எல்இடியின் இரண்டு கால்களையும் 4, 5 துளைகளில் செருகுங்கள். உள்ளே 220 ஓம் மின்தடைகள் இருப்பதால் எதுவும் எரியாது. எரியவில்லை என்றால் கால்களைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். ஒரு கீயை அழுத்தினால் வரும் ஒளி மிக மங்கலாகத்தான் இருக்கும்: ஒரு பைட் செல்ல 320 மைக்ரோ விநாடி, ஒரு நோட் ஆன் செய்தி 3 பைட், ஆக மொத்தம் ஒரு மில்லி விநாடிகூட இல்லை. அதனால் அறை விளக்கை அணைத்துவிட்டு பிட்ச் பெண்டு வீலை முன்னும் பின்னுமாகத் தொடர்ந்து அசையுங்கள். செய்திகள் அடுத்தடுத்துக் கொட்டுவதால் எல்இடி நடுங்கியபடி மங்கலாக எரியும். எரிந்தால் சிந்தசைசர் குற்றமற்றது. சும்மா இருக்கும்போதே துளித்துளியாக மின்னினால் அது ஆக்டிவ் சென்சிங் (இணைப்பு இருக்கிறது என்று அவ்வப்போது சொல்லும் செய்தி) அல்லது கிளாக், அதில் தவறில்லை.

எல்இடி எரியவே இல்லையென்றால் சிந்தசைசரின் குளோபல் மெனுவில் மிடி டிரான்ஸ்மிட் அணைந்திருக்கிறதா, வெளியீடு யுஎஸ்பிக்கு மட்டும் என்று அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்இடி எரிகிறது, கேபிளும் நன்று, வேறொரு கீபோர்டை இணைத்தாலும் சீக்வென்சர் அசையவில்லை என்றால்தான் சீக்வென்சரின் இன் பக்கத்தைச் சந்தேகிக்கவேண்டும். அங்கே உள்வரும் மின்னோட்டத்தை ஒளியாக மாற்றி மறுபடி மின்சாரமாக்கும் ஆப்டோகப்ளர் ஒன்று உண்டு. பழைய பெட்டிகளில் பெரும்பாலும் 6என்138 அல்லது ஷார்ப் பிசி-900. இது விலை அதிகமில்லாத பாகம். சாலிடரிங் தெரிந்த ரிப்பேர்காரர் உடனே மாற்றிவிடுவார். அதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை: எக்கோவை (உள்ளே வருவதை அப்படியே வெளியே திருப்பி அனுப்பும் வசதி) அணைத்துவிட்டு, சீக்வென்சரின் அவுட்டை அதன் சொந்த இன்னிலேயே செருகி ஏதாவது ஒரு டிராக்கை ஓடவிடுங்கள். அப்போதும் வருகை விளக்கு மின்னாவிட்டால் கோளாறு பெட்டிக்குள்தான்.

புதிய கருவிகளில் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று, 5-பின்னுக்குப் பதிலாக வரும் 3.5 மிமீ டிஆர்எஸ் துளை. இதில் ஏ வகை, பி வகை என இரண்டு இணைப்பு முறைகள். ஏ வகையில் டிப் பின் 5-க்கும் ரிங் பின் 4-க்கும் போகும். பி வகையில் அது தலைகீழ். 2018-இல் ஏ வகையையே தரமாக ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் அதற்கு முன் வந்த ஆர்ட்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோ, முதல் நோவேஷன் சர்க்யூட் போன்றவை பி வகை. கோர்க் எஸ்கியூ-1 ஏ வகை. அடாப்டர் மாறிப்போனால் எதுவும் கெடாது, வேலை மட்டும் செய்யாது. பையில் இருக்கும் அடாப்டர்களில் ஏ, பி என்று மார்க்கரால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் மீட்டர் பிடிக்கவேண்டியிருக்காது.

இரண்டாவது யுஎஸ்பி. சிந்தசைசரின் யுஎஸ்பி துளையும் சீக்வென்சரின் யுஎஸ்பி துளையும் இரண்டுமே கம்ப்யூட்டரைத் தேடும் வகை என்றால், கேபிளால் நேரடியாக இணைத்துப் பயனில்லை. இரண்டில் ஒன்று ஹோஸ்டாக இருக்கவேண்டும். சீக்வென்சரில் ஹோஸ்ட் துளை இல்லையென்றால், நடுவில் தனி யுஎஸ்பி மிடி ஹோஸ்ட் பெட்டி ஒன்று தேவை. இரு கருவியிலும் 5-பின் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. ஆப்டோகப்ளர் இரு கருவிகளையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைப்பதால், யுஎஸ்பியால் சில இடங்களில் வரும் ஹம் இரைச்சலும் இதில் வராது.

அறிகுறி: வருகை விளக்கு மின்னுகிறது, ஆனால் ரெக்கார்டு செய்தால் டிராக் காலி

இனி கம்பியைத் தொடவேண்டாம். முதலில் சேனல். சில சீக்வென்சர்கள் எந்தச் சேனலில் வந்தாலும் வாங்கிக்கொண்டு, டிராக்குக்கு அமைத்த சேனலில் வெளியே அனுப்பும். வேறு சில, டிராக்கின் உள்வரும் சேனலும் கீபோர்டு அனுப்பும் சேனலும் ஒன்றாக இருந்தால்தான் பதிவு செய்யும். சிந்தசைசரில் அனுப்பும் சேனலும் வாங்கும் சேனலும் தனித்தனியாக இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். யமஹா டிஎக்ஸ்7-இன் முதல் மாடல் எந்தச் சேனலிலும் வாங்கும், ஆனால் சேனல் 1-இல் மட்டுமே அனுப்பும். அதோடு வேலை செய்யும்போது சீக்வென்சரின் உள்வரும் சேனலை 1 அல்லது "எல்லாம்" என்று வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, சீக்வென்சர் ஓடுகிறதா? ரெக்கார்டு பட்டனின் விளக்கு எரிந்தாலும் பார், பீட் எண்கள் நகரவில்லை என்றால் கிளாக் எக்ஸ்டர்னலில் இருக்கிறது. வெளியிலிருந்து யாரோ தாளம் கொடுப்பார்கள் என்று அது காத்துக்கொண்டிருக்கிறது. இன்டர்னலுக்கு மாற்றுங்கள். எண்கள் நகர்ந்தும் பதிவாகவில்லை என்றால் டிராக் ஆர்ம் ஆகியிருக்கிறதா (பதிவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா), ஒவ்வொரு நோட்டாக உள்ளிடும் ஸ்டெப் ரெக்கார்டு நிலையில் இருக்கிறதா, மிடி ஃபில்டரில் நோட் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பல பெட்டிகளில் ரெக்கார்டைப் பிடித்துக்கொண்டு ப்ளேயை அழுத்தவேண்டும். தனித்தனியாக அழுத்தினால் ப்ளே மட்டும்தான் நடக்கும்.

பதிவானது போலத் தெரிந்து, நிறுத்தியதும் காணாமல் போனால், லூப் இரண்டாவது சுற்று வந்தபோது ரீப்ளேஸ் நிலையில் பழையது அழிந்திருக்கிறது. பழையதன் மேல் புதியதைச் சேர்க்கும் ஓவர்டப்புக்கு மாறுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு நோட்டும் இரண்டு முறை ஒலிக்கிறது, ஒலி தடித்து ஃபிளாஞ்சர் போட்டது போலக் கேட்கிறது

தனி சீக்வென்சர் வாங்கிய எல்லோரும் என்றாவது ஒருநாள் சந்திப்பது இது. நீங்கள் ஒரு கீயை அழுத்தும்போது செய்தி இரண்டு வழியில் ஒலிப்பகுதியை அடைகிறது. ஒன்று லோக்கல் வழியாக உடனே. இன்னொன்று மிடி அவுட் வழியாகச் சீக்வென்சருக்குப் போய், அங்கே எக்கோ அல்லது சாஃப்ட் த்ரூ வழியாகத் திரும்பி, சில மில்லி விநாடி கழித்து. ஒரே நோட் இருமுறை தொடங்குவதால் இரண்டு ஒலிகளும் ஒன்றோடொன்று உரசித்தான் அந்த ஃபிளாஞ்சர் (ஒலியை அலை போலச் சுழலவைக்கும் எஃபெக்ட்) வாசனை வருகிறது. கூடவே பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின் எண்ணிக்கை) பாதியாகிறது: 6 குரல் உள்ள ரோலண்ட் ஜூனோ-106-இல் நான்காவது விரலை வைத்ததுமே ஒரு குரல் அறுந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரியான அமைப்பு: சிந்தசைசரில் லோக்கல் ஆஃப், சீக்வென்சரில் எக்கோ ஆன். அப்போது கீபோர்டு சீக்வென்சருக்கு மட்டும் பேசும். ஒலிப்பகுதி சீக்வென்சர் சொல்வதை மட்டும் கேட்கும். நாளை இரண்டாவது ஒலிக் கருவி ஒன்றைச் சேர்த்தாலும், டிராக்கை மாற்றினாலே கீபோர்டு அந்தக் கருவியை வாசிக்கத் தொடங்கிவிடும். சீக்வென்சரை மையமாக வைத்து வேலை செய்பவர்கள் இதைத்தான் நிரந்தர அமைப்பாக வைத்துக்கொள்ளவேண்டும். லோக்கலை அணைக்க வழியே இல்லாத பழைய சிந்தசைசர் என்றால் எக்கோவை அணையுங்கள். வாசிப்பு கேட்கும், பதிவும் ஆகும். ஆனால் அந்தக் கீபோர்டால் வேறு கருவியை வாசிக்க முடியாது.

சரிபார்ப்பு எளிது. சீக்வென்சரிலிருந்து வரும் கேபிளைச் சிந்தசைசரின் இன்னிலிருந்து பிடுங்கிவிட்டுக் கீ அழுத்துங்கள். ஒலித்தால் லோக்கல் இன்னும் ஆனில்தான் இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். "கீபோர்டு செத்துவிட்டது, ஒரு கீயும் ஒலிக்கவில்லை" என்று ரிப்பேருக்குக் கொண்டுபோகும் சிந்தசைசர்களில் சில, லோக்கல் ஆஃபில் இருப்பவை மட்டுமே. லோக்கலை மெனுவிலிருந்து மட்டுமல்ல, சிசி 122 (சிசி என்பது கருவியின் ஓர் அமைப்பை மாற்றும் கண்ட்ரோல் சேஞ்ச்) என்ற செய்தியாலும் மாற்றலாம்: மதிப்பு 0 என்றால் ஆஃப், 127 என்றால் ஆன். சீக்வென்சர் அதை அனுப்பிவிட்டால் மெனுவைத் தொடாமலேயே கீபோர்டு ஊமையாகிவிடும். அப்படி வெளியிலிருந்து அணைந்ததைப் பல கருவிகள் பவரை அணைத்துப் போட்டால் மறந்துவிடும். மறக்காதவற்றில் குளோபல் மெனுவில் லோக்கலை ஆன் செய்யுங்கள்.

இரட்டை ஒலிக்குப் பதில் ஒரே நோட் இயந்திரத் துப்பாக்கி போலப் படபடத்தாலோ, சீக்வென்சர் திரையில் பஃபர் நிரம்பியது என்று வந்தாலோ, செய்தி வட்டமாகச் சுற்றுகிறது. சிந்தசைசர் தன் இன்னில் வருவதை அவுட்டிலும் கலந்து அனுப்புகிறது, சீக்வென்சர் அதை மறுபடி எக்கோ செய்கிறது. சிந்தசைசரின் மெனுவில் சாஃப்ட் த்ரூ, மிடி மெர்ஜ் என்று இருப்பதை அணையுங்கள்.

அறிகுறி: ஒரு நோட் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது

மிடியில் நோட்டின் நீளம் என்று ஒன்று போவதில்லை. நோட் ஆன் ஒன்று, நோட் ஆஃப் ஒன்று. இரண்டாவது வராவிட்டால் முதலாவது முடியாது. ஆகவே கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நோட் ஆஃப் எங்கே தொலைந்தது?

கீயைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே டிராக்கையோ சேனலையோ மாற்றினால், நோட் ஆன் பழைய சேனலிலும் நோட் ஆஃப் புதிய சேனலிலும் போகிறது. கீயைப் பிடித்தபடி ஆக்டேவ் பட்டனை அழுத்தினாலும், அதைச் சரியாகக் கையாளாத கருவிகளில் இதேதான் நடக்கும். ரெக்கார்டை நிறுத்தும்போது விரல் கீயின் மேலேயே இருந்தால் நோட் ஆஃப் பதிவாகாமலே போகலாம். நல்ல சீக்வென்சர்கள் நிறுத்தும் இடத்தில் தாமே ஒரு நோட் ஆஃபைப் போட்டுவிடும். பழையவை எல்லாம் அப்படிச் செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். பாடலின் கடைசி நோட்டை விட்டுவிட்டு, கையை எடுத்த பிறகே ஸ்டாப்பை அழுத்தும் பழக்கம் நல்லது.

ஒரு நோட் மட்டுமல்ல, எல்லாமே ஒன்றின் மேல் ஒன்றாக நீண்டு குழம்பினால் அது சஸ்டெய்ன் பெடல். சிசி 64 மதிப்பு 127 பதிவாகி, விடும்போது வரவேண்டிய 0 லூப்பின் எல்லையைத் தாண்டிப் போயிருக்கும். ஈவென்ட் பட்டியலை (பதிவான செய்திகளின் பட்டியல்) திறந்து, லூப் முடிவதற்குச் சற்று முன் சிசி 64 மதிப்பு 0 ஒன்றைக் கையால் சேருங்கள். பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது காலை எடுத்தால் நீண்டு, மிதித்தால் அறுந்தால், அது பெடலின் துருவம். சில நிறுவனங்களின் பெடல்கள் ஓய்வில் மின்சுற்றை மூடியவை. வேறு சில நிறுவனங்களின் பெடல்கள் ஓய்வில் திறந்தவை. பல சிந்தசைசர்கள் பவர் போடும் நொடியில் பெடலின் நிலையைப் பார்த்து அதையே ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். பெடலைச் செருகிவிட்டு, அதன் மேல் கால் வைக்காமல் பவர் போடுங்கள்.

உடனடி நிவாரணம் பேனிக் பட்டன். அது இல்லையென்றால் சிந்தசைசரில் வேறொரு ஒலியைத் தேர்ந்துவிட்டுத் திரும்புங்கள். சிசி 123 எல்லா நோட்டையும் விடச் சொல்லும், ஆனால் பெடல் அழுத்தத்தில் இருந்தால் ஒலி நிற்காது. சிசி 120 ஒலியையே வெட்டிவிடும். இந்த இரண்டையும் மதிக்காத பழைய கருவிகளும் உண்டு, அவற்றுக்குப் பவர் பட்டன்தான் மருந்து.

மூன்று நான்கு கருவிகளைத் த்ரூ வழியாகத் தொடர்ந்து கோர்த்திருந்து, கடைசிக் கருவியில் மட்டும் நோட் சிக்கினால், காரணம் ஒவ்வொரு ஆப்டோகப்ளரும் சமிக்ஞையின் ஓரங்களைச் சற்று மழுக்கிவிடுவது. சங்கிலியை விட்டுவிட்டு ஒரு த்ரூ பாக்ஸிலிருந்து (ஒரு இன்னைப் பல அவுட்களாகப் பிரிக்கும் பெட்டி) எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்.

அறிகுறி: நேரம் தவறுகிறது

முதலில் எந்த வகைத் தவறு என்று பிரியுங்கள்.

லூப்பின் முதல் நோட் காணவில்லை, அல்லது லூப்பின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றால், நீங்கள் சற்று முந்தி வாசித்திருக்கிறீர்கள். எம்எம்டி-8 ஒரு பீட்டை 96 டிக்காகப் பிரிக்கிறது. 120 டெம்போவில் ஒரு டிக் 5.2 மில்லி விநாடி. 10 மில்லி விநாடி முந்தினால் அந்த நோட் முதல் பாருக்குள் வராது, முந்தைய சுற்றின் கடைசி இரண்டு டிக்கில் விழும். லூப்பாக ஓடும்வரை காதுக்குச் சரியாகவே கேட்கும். அந்தப் பகுதியைப் பாடலில் கோர்க்கும்போதுதான் வெளியே வரும்: முதல் முறை முதல் அடி இல்லாமல் தொடங்கி, அடுத்த பகுதியின் வாசலில் தேவையில்லாத ஒரு நோட் ஒலிக்கும். அந்த நோட்டை ஈவென்ட் பட்டியலில் முதல் பார், முதல் பீட், 0 டிக்குக்கு நகர்த்துங்கள். முன்னால் ஒரு காலி பார் விட்டுப் பதிவு செய்து, பிறகு வேண்டிய பார்களை மட்டும் நகலெடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வாசித்த உணர்வு போய் எல்லாம் இயந்திரத்தனமாக ஒலித்தால் ரெக்கார்டின்போதே குவான்டைஸ் வேலை செய்கிறது. எம்பிசியில் இது டைமிங் கரெக்ட் என்ற பெயரில் இருக்கும். பதிவின்போது அணைத்து வைத்து, பிறகு தேவைப்பட்டால் போடுங்கள்; பதிவின்போது போட்ட குவான்டைஸை எல்லாப் பெட்டிகளிலும் திரும்பப் பெற முடியாது. சில நோட்டுகள் ஒலிக்காமலே போனால், நோட் ஆனோடு நோட் ஆஃபும் குவான்டைஸ் ஆகி, குட்டையான நோட்டின் நீளம் சுழியாகியிருக்கும். தொடக்கத்தை மட்டும் குவான்டைஸ் செய்யும் வசதி இருந்தால் அதைத் தேருங்கள்.

வாசிக்கும்போதே ஒலி தாமதமாக வந்தால் மிடியைக் குறைசொல்லும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். பத்து விரலையும் ஒரே நேரத்தில் வைத்தால் 30 பைட், 9.6 மில்லி விநாடி. ஒரே வகைச் செய்திகளின் முதல் பைட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பாத ரன்னிங் ஸ்டேட்டஸ் முறையைப் பயன்படுத்தும் கருவியில் 21 பைட், 6.7 மில்லி விநாடி. காதால் தெளிவாகத் தெரியும் அளவு தாமதம் இதைவிடப் பெரியது. ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ ப்ளூடூத் ஹெட்ஃபோனிலோ கேட்டுக்கொண்டிருந்தால் காரணம் அதுவே. வயருள்ள ஹெட்ஃபோனைச் செருகுங்கள்.

டெம்போ எண் திரையில் குதித்துக்கொண்டே இருந்தால் இரண்டு கிளாக்குகள் மோதுகின்றன. மிடி கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. சீக்வென்சர் ஒன்றே தலைவனாக இருக்கட்டும்: சீக்வென்சரில் கிளாக் அனுப்புவது ஆன், வாங்குவது ஆஃப், சிந்தசைசரில் கிளாக் அனுப்புவது ஆஃப், மூலம் எக்ஸ்டர்னல் அல்லது ஆட்டோ.

அறிகுறி: ஆர்பெஜியோ பதிவாகவில்லை, அல்லது திரும்ப ஓட்டினால் குழம்புகிறது

சிந்தசைசரின் ஆர்பெஜியேட்டர் (பிடித்த கார்டை ஒவ்வொரு நோட்டாக வாசிக்கும் பகுதி) பிரித்து வாசிக்கும் நோட்டுகளை வெளியே அனுப்புமா, நீங்கள் பிடித்த கீக்களை மட்டும் அனுப்புமா என்பது கருவிக்குக் கருவி மாறும். ஒரு கார்டைப் பிடித்துப் பதிவு செய்து ஈவென்ட் பட்டியலைப் பாருங்கள். மூன்று நீண்ட நோட் மட்டும் இருந்தால் கீக்கள்தான் போயின; அப்படியானால் ஓட்டும்போது ஆர்பெஜியேட்டர் ஆனில் இருக்கவேண்டும், கிளாக்கும் போகவேண்டும். சின்னச் சின்ன நோட்டுகளாக நிறைய இருந்தால் ஓட்டும்போது ஆர்பெஜியேட்டரை அணையுங்கள். இல்லாவிட்டால் ஏற்கனவே பிரித்ததை அது மறுபடி பிரிக்கும்.

அறிகுறி: மெதுவாக வாசித்தாலும் வேகமாக வாசித்தாலும் ஒரே சத்தம்

ஈவென்ட் பட்டியலில் எல்லா வெலாசிட்டியும் (கீ அழுத்தப்பட்ட வேகம்) 64 என்று இருந்தால் கீபோர்டில் வெலாசிட்டி உணர்வே இல்லை. அப்படிப்பட்ட கருவி 64 அனுப்பவேண்டும் என்பது மிடி விதி. ஜூனோ-106 இந்த வகை. எல்லாம் 127 என்றால் சீக்வென்சரில் ஃபிக்ஸ்டு வெலாசிட்டி, எம்பிசியில் ஃபுல் லெவல், ஆனில் இருக்கிறது. எண்கள் வேறுவேறாக இருந்தும் ஒலி மாறவில்லை என்றால் பதிவில் குறையில்லை. அந்த ஒலியில் வெலாசிட்டி எதையும் அசைக்கும்படி அமைக்கப்படவில்லை. டிஎக்ஸ்7 கீபோர்டில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மதிப்பு முழு 127 வரை எட்டாது. அதனால் பிற்காலச் சிந்தசைசரை டிஎக்ஸ்7-ஆல் வாசித்தால் மந்தமாகக் கேட்கும். சீக்வென்சரில் அந்த டிராக்கின் வெலாசிட்டியைச் சற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நோட்டுகள் பதிவாகின்றன, ஃபில்டர் குமிழைத் திருப்பியது பதிவாகவில்லை

குமிழ் அசைவு மூன்று உருவங்களில் வெளியே வரலாம்: சிசி, என்ஆர்பிஎன் (பல சிசிகள் சேர்ந்த ஒரு செய்தி), சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் (அந்தக் கருவிக்கே உரிய தனிச் செய்தி). பெரும்பாலான சீக்வென்சர்கள் சிசியைத் தயக்கமின்றிப் பதிவு செய்யும். மற்ற இரண்டில்தான் சிக்கல்.

ஜூனோ-106 ஸ்லைடர் அசைவுகளைச் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவாகத்தான் அனுப்பும். பின்புறத்தில் உள்ள மிடி ஃபங்ஷன் சுவிட்ச் மூன்றாம் நிலையில் இருக்கவேண்டும். முதல் இரு நிலைகளில் ஸ்லைடர் செய்தி வெளியே போகாது. அது போனாலும், ஓடும் பாடலில் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவைப் பதிவு செய்யும் சீக்வென்சர் வேண்டும். அதுவும் ஃபில்டர் பட்டியலில் தடுக்கப்படாமல் இருக்கவேண்டும். ப்ராஃபெட் '08, ப்ராஃபெட் ரெவ்2 ஆகியவற்றில் மெனுவில் தேர்வு இருக்கிறது: என்ஆர்பிஎன், சிசி, ஆஃப். சீக்வென்சரில் பதிவு செய்ய சிசியைத் தேருங்கள். என்ஆர்பிஎன்னில் ஒவ்வொரு அசைவும் மூன்று நான்கு செய்திகளாகப் பிரிந்து போகும். சீக்வென்சர் இடத்தை மிச்சப்படுத்த அவற்றில் ஒன்றைக் களைந்தாலோ வரிசையை மாற்றினாலோ, திரும்ப ஓட்டும்போது வேறு ஏதோ ஒரு அமைப்பு அசையும்.

பதிவான குமிழ் அசைவு லூப்பின் தொடக்கத்தில் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருப்பது பிழையல்ல. கடைசியாக வந்த மதிப்பிலேயே சிந்தசைசர் நிற்கும். லூப்பின் முதல் டிக்கில் தொடக்க மதிப்பை ஒரு சிசி ஆகப் போட்டுவிடுங்கள். பிட்ச் பெண்டுக்கும் இது பொருந்தும்: பாடலை நடுவில் நிறுத்திவிட்டால் கருவி ஸ்ருதி விலகியே நிற்கும், வீலை ஒருமுறை அசைத்து விட்டால் சரியாகிவிடும்.

அறிகுறி: ஓட்டினால் சிந்தசைசரின் ஒலி தானாக மாறிவிடுகிறது

பதிவின்போது ஒலி தேர்ந்தெடுக்கும் பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள். ஒலியை மாற்றச் சொல்லும் புரோகிராம் சேஞ்ச் செய்தி பதிவாகிவிட்டது. பட்டியலில் அழித்துவிடுங்கள். வேண்டுமென்றே போடுவதாக இருந்தால் சிசி 0, சிசி 32, புரோகிராம் சேஞ்ச் என்ற வரிசை முக்கியம். ஒலித் தொகுப்பை (பேங்க்) சொல்லும் சிசி 0, 32 பிறகு வந்தால் தவறான ஒலிதான் வரும். முதல் நோட்டுக்கு ஒரு பீட்டாவது முன்னால் வையுங்கள், சிந்தசைசருக்கு ஒலியை ஏற்றிக்கொள்ள நேரம் வேண்டும். எண் ஒன்று தள்ளி வந்தால், ஒரு கருவி 0-இலிருந்தும் மற்றது 1-இலிருந்தும் எண்ணுகிறது.

அறிகுறி: கொஞ்சம் வாசித்ததுமே மெமரி நிரம்பிவிட்டது

ஆஃப்டர்டச். கீயை அழுத்திப் பிடிக்கும் விரலின் ஒவ்வொரு சிறு அசைவும் ஒரு செய்தி. நோட் பத்து என்றால் அழுத்தச் செய்தி நூற்றுக்கணக்கில் சேரும். அந்த ஒலி ஆஃப்டர்டச்சைப் பயன்படுத்தவில்லை என்றால் சீக்வென்சரின் உள்வரும் ஃபில்டரில் அதைத் தடுத்துவிடுங்கள். பழைய பெட்டிகளில் இது கட்டாயம்.

அறிகுறி: சிந்தசைசரின் ஒலிகளை டம்ப் செய்தால் பாதியில் நிற்கிறது

டம்ப் என்பது ஒலி அமைப்புகளை மொத்தமாக மிடி வழியே அனுப்புவது. டிஎக்ஸ்7-இன் 32 ஒலிகள் கொண்ட டம்ப் 4,104 பைட். அது கேபிளில் செல்லவே 1.3 விநாடி ஆகும். சீக்வென்சரின் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் பஃபர் (தற்காலிக மெமரி) அதைவிடச் சிறியது என்றால் முழுதாக வாங்க முடியாது. 32 ஒலிகளையும் ஒரே மூச்சில் அனுப்பாமல் ஒவ்வொரு ஒலியாக அனுப்புங்கள். திருப்பி ஏற்றும்போது டிஎக்ஸ்7-இல் மெமரி ப்ரொடெக்ட் ஆஃபில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எதையும் ஏற்காது. டம்பைப் பாடலின் தொடக்கத்தில் வைக்காதீர்கள்: அந்த 1.3 விநாடியும் கேபிள் முழுவதும் அடைபட்டிருக்கும், அதற்குள் வரும் நோட்டுகள் எல்லாம் பின்னுக்குத் தள்ளப்படும். அதற்கென்று தனியாக ஒரு பாடலை ஒதுக்கி, நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒருமுறை ஓட்டிவிட்டு, சிந்தசைசரில் ஒலிகள் வந்துவிட்டனவா என்று இரண்டு மூன்றை வாசித்துப் பார்த்த பிறகு முதல் பாடலைத் திறங்கள்.